நம்பர் பிளேட் இல்லாத வெள்ளை வேன்

எனக்குக் கழற்றத் தெரியும். மாட்டத் தெரியாது. எனக்கு மட்டுமில்லை, எங்கள் யார்டில் இருக்கிற பதினொரு பேருக்கும் அப்படித்தான். ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினால் மதியச் சாப்பாட்டுக்குள் தோல் வேறு, எலும்பு வேறு என்று பிரித்து வைத்துவிடுவோம். அதே வேனைத் திரும்ப வேனாக்கு என்று ஒருவர் வந்து நிற்பார் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை. நின்றது வேறு யாருமில்லை, என் தங்கச்சி.

எங்கள் யார்டுக்கு வருவதெல்லாம் வயதாகி ஓட்டம் முடிந்த வண்டிகள். முன்பு வேலை பார்த்த இடங்களில் சம்மட்டியும் கடப்பாரையும் இருந்தால் போதும். இங்கே அப்படி இல்லை. முதலில் பெட்ரோல், எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாவற்றையும் தனித்தனிக் கேனில் வடிக்க வேண்டும். அடுத்து பேட்டரி. பிறகு கண்ணாடி, சீட், கதவு, விளக்கு, வயர். நல்ல பொருள் அலமாரிக்கு, அங்கிருந்து வேறொரு வண்டிக்கு. உடைந்த பிளாஸ்டிக் அரவை மிஷினுக்கு. மிஞ்சிய இரும்பு உருக்காலைக்கு. ஒரு வண்டியில் நூற்றுக்கு எவ்வளவு திரும்பவும் உபயோகத்துக்குப் போயிற்று என்று மேனேஜர் மேடம் தினமும் சாயங்காலம் கரும்பலகையில் எழுதுவார். ஆள் சின்ன உருவம். ஹெல்மெட்டைப் போட்டால் மூக்கு வரைக்கும் இறங்கிவிடும். ஆனால் அந்தப் பலகையில் எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் எங்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். இதுவரை ஏறின உச்சம் எண்பத்தேழு. அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் பன்னும் கிடைத்தது.

முதுகு ஒத்துழைக்க மறுத்த பிறகு என்னைப் பின்கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். முன்னால் கழற்றியது தள்ளுவண்டியில் என்னிடம் வரும். நான் துடைத்து, பார்த்து, அட்டை எழுதிக் கட்டுவேன். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை போல்ட். அந்த போல்ட்களைச் சின்னத் துணிப்பையில் போட்டு அதனோடேயே கட்ட வேண்டும். இது மேடம் போட்ட சட்டம். முன்பெல்லாம் எல்லா போல்ட்டும் ஒரே டிரம்மில்தான் விழும்.

நாற்பத்தெட்டு வயதில் எழுத்துப் பழகியவன் நான். பேனா கிடைத்தால் விடமாட்டேன். மற்றவர்கள் ‘இடது கதவு, நாலு’ என்று முடித்துவிடுகிற இடத்தில், ‘இடது முன் கதவு, மேல் கீலில் இரண்டு போல்ட், கீழ்க் கீலில் இரண்டு, அதில் உள்பக்கத்து போல்ட் கொஞ்சம் அடம் பிடிக்கும், கதவை லேசாகத் தூக்கிக்கொண்டால் வழிக்கு வரும்’ என்று எழுதுவேன்.

மேஸ்திரிக்கு இது ஆகாது. “என்னய்யா இது, அட்டையா கடுதாசியா? கீழ ‘நலம், நலமறிய ஆவல்’னு ஒண்ணு சேத்துக்க” என்பார்.

தங்கச்சி கதைக்கு வருகிறேன். எனக்கு எட்டு வயது இளையவள். பதினைந்து வருஷம் அடுத்தவர் ஓட்டுகிற ஸ்கூல் வேனில் கதவு திறந்து, பிள்ளைகளை ஏற்றி இறக்கி, வாந்தி துடைத்து, பென்சில் பொறுக்கினவள். டிரைவர் பிரேக் போடுகிற ஒவ்வொரு தடவையும் தன் கால் தானாகக் கீழே அமுங்குகிறது என்று கண்டுபிடித்து, நாற்பதாவது வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டாள். போன மாதம் பழைய வெள்ளை வேன் ஒன்றைச் சொந்தமாக வாங்கினாள். அதே ஸ்கூலில் பன்னிரண்டு பிள்ளைகளை அவளுக்கென்று பிரித்துக் கொடுத்தார்கள். தலைமையாசிரியை கறாரானவர். “முதல் நாள் மூணரைக்கு வேன் கேட்ல நிக்கணும். நிக்கலேன்னா வரிசையில அடுத்தவருக்குப் போயிடும். பிள்ளைங்கள நான் வெயில்ல காக்க வைக்க முடியாது” என்று சொல்லிவிட்டார். அடுத்தவர் என்பவர் ஏற்கெனவே இரண்டு வேன் வைத்திருந்தார். மூன்றாவதையும் கழுவித் தயாராக வைத்திருந்தார்.

அந்த முதல் நாள்தான் இந்த நாள்.

வேனின் பின் சீட் கிழிந்திருந்தது. எங்கள் அலமாரியில் அதே மாதிரி வேனின் சீட் ஒன்று புதுசு போல இருந்தது. மேடத்திடம் சொல்லி எடுத்து வைத்திருந்தேன். தங்கச்சி காலை ஆறரைக்கு வேனை யார்டில் விட்டுவிட்டுப் போவது, நான் சாப்பாட்டு நேரத்தில் சீட்டை மாற்றுவது, இரண்டரைக்கு அவள் வந்து எடுத்துக்கொள்வது. இதுதான் எங்கள் ஏற்பாடு. அவளும் சரியாக ஆறரைக்கு வந்து, வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து, “அண்ணன்கிட்ட சொல்லிடுங்க” என்று சொல்லியிருக்கிறாள். போகிறபோது, நம்பர் பிளேட்டில் எழுத்து மங்கியிருக்கிறது, முதல் நாளே பளிச்சென்று இருக்கட்டும் என்று, முன்னும் பின்னும் இருந்த இரண்டு பிளேட்டையும் தானே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பெயின்டரிடம் போய்விட்டாள்.

அங்கேதான் வந்தது வினை.

எங்கள் யார்டில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி உள்ளே வந்ததும் ஆபீஸில் முதலில் நம்பர் பிளேட்டைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கு அப்புறம் அது வண்டி இல்லை, சரக்கு. யாரையும் கேட்க வேண்டாம், காகிதம் பார்க்க வேண்டாம், ஸ்பேனரை வைக்கலாம். பிளேட் இருந்தால் கை வைக்கக் கூடாது, பிளேட் இல்லாவிட்டால் விட்டு வைக்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் இதில் ஒரு தடவைகூடத் தப்பு நடந்ததில்லை. எந்த வண்டியும் தானாகப் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றதும் இல்லை.

ஏழு மணிக்கு வாட்ச்மேன் மாறினார். சாவி ஆணியில் தொங்கியது, சொன்ன சேதி பழைய வாட்ச்மேனோடு வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டது. எட்டு மணிக்கு மேஸ்திரி வந்தார். அன்றைய பட்டியலில் வெள்ளை வேன் ஒன்று. வாசலில் வெள்ளை வேன் ஒன்று. பிளேட் இல்லை.

“வந்துடுச்சுப்பா. ஆரம்பிங்க.”

நான் பஸ்ஸை விட்டு இறங்கி எப்போதும் பின்வாசல் வழியாக நேரே கொட்டகைக்குப் போகிறவன். முன்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேன் வந்திருக்கும், மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

எட்டரைக்கு முதல் தள்ளுவண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவனுக்கு மின்னல் என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். ஒரு சக்கரத்தின் நட்டுகளை எல்லாம் கழற்ற அவனுக்கு ஒரு கொட்டாவி நேரம் போதும்.

“அண்ணே, இன்னைக்கு வந்திருக்கிறது ராஜா வீட்டு வேன். பேட்டரியைப் பாருங்க, போன மாசம் வாங்கினது.”

பார்த்தேன். புது பேட்டரிதான். “எவன்டா இதைத் தூக்கிப் போட்டான்?”

“பணம் கொழுத்தவன்.”

அடுத்து ரேடியேட்டர் வந்தது. ஒரு ஒழுக்கு இல்லை. டைனமோ வந்தது, விரலால் சுற்றினால் வெண்ணெயாகச் சுற்றியது. சக்கரம் நான்கு, ஹெட்லைட் இரண்டு, கதவுகள். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த முகம் தெரியாத ஆள் மேல் கோபம் ஏறிக்கொண்டே போயிற்று.

“நல்ல பொருளோட அருமை தெரியாத ஜென்மம்” என்றேன். “இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் வண்டியே கொடுக்கக் கூடாது. என் தங்கச்சி கையில இருந்திருந்தா இதை இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பா.”

“கண்டிப்பாண்ணே” என்றான் மின்னல்.

கோபத்திலும் அட்டை மட்டும் ஆசையாக எழுதினேன். அவ்வளவு நல்ல பொருளுக்குக் குறைத்து எழுத மனசு வரவில்லை. ரேடியேட்டருக்கே ஒரு பக்கம் ஆயிற்று.

பத்தரைக்கு டாஷ்போர்டு வந்தது. அதன்மேல் ஸ்டீயரிங் படுத்திருந்தது. ஸ்டீயரிங்கில் பச்சை வெல்வெட் உறை. உள்பக்கம் கைத்தையல். தைத்த இடத்தில் ஓரமாகச் சிவப்பு நூலில் ஒரு சின்ன மீன்.

எங்கள் மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி புருஷன், தையல்காரர். எதைத் தைத்தாலும் ஓரத்தில் ஒரு மீன் போடுவார். என் சட்டையில் இருக்கிறது. அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டையில். குனிந்து என் சட்டை மீனைப் பார்த்தேன், ஸ்டீயரிங் மீனைப் பார்த்தேன்.

மூன்று வருஷமாக ஓடாத நான் ஓடினேன். முதுகு பின்னால் நடந்து வந்தது.

முன்பக்கம் போனால், செயினைக் கட்டி எஞ்சினைத் தூக்குவதற்குத் தயாராக நிற்கிறார்கள். குண்டு என்று நாங்கள் கூப்பிடுகிற ஒல்லி ஆள் சங்கிலியை இழுக்கக் கையை உயர்த்திவிட்டான்.

“நிறுத்து! நிறுத்துடா! அது என் தங்கச்சி!”

குண்டு கையை எடுத்துவிட்டு எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தான். “எங்கண்ணே?”

“வேன்டா! வேன் என் தங்கச்சியோடது!”

மேஸ்திரி தன் பட்டியலைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். வேன் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு மரக்கட்டைமேல் ஒரு வெள்ளைக் கூடு.

“பிளேட் இல்லையே” என்றார் மேஸ்திரி. இதை அன்றைக்கு நாற்பது தடவை சொல்லியிருப்பார்.

“எழுதக் கொடுத்திருக்கா.”

“உயிரோட இருக்கிற வண்டியோட பிளேட்டை யாராவது கழட்டுவாங்களா?”

“பெயின்டரும் பிழைக்க வேண்டாமா?”

அந்த நேரம் பார்த்து அரவை மிஷின் பக்கம் கரகரவென்று சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினோம். முன் பம்பர். ஓரத்தில் விரிசல் இருந்ததாம், அதனால் நேரே அரவைக்கு. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அது அரிசி மாதிரி பொடியாகக் கூடையில் விழுந்துகொண்டிருந்தது. நான் இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தேன். சூடாக இருந்தது.

அதோடு முடியவில்லை. இடது பின்பக்கத்துத் தள்ளுகதவை அரை மணிக்கு முன்னால் யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார். “கதவைப் பார்த்ததும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாருண்ணே, ஆறு மாசமா தேடுறாராம்” என்றான் மின்னல், பாதி பெருமையோடு. என் முகத்தைப் பார்த்ததும் மீதிப் பெருமையை விழுங்கிவிட்டான்.

சத்தம் கேட்டு மேடம் வந்தார். ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நான் மூணரை மணிக் கதையைச் சொன்னேன். பன்னிரண்டு பிள்ளைகள், வரிசையில் அடுத்தவர், எல்லாம். தங்கச்சி பதினைந்து வருஷம் அடுத்தவர் வேனின் வாசல்படியில் உட்கார்ந்தே போனவள். இன்றைக்குத்தான் டிரைவர் சீட்.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மணி பத்தே முக்கால். எல்லாத்துக்கும் அட்டை கட்டியிருக்கா?”

“கட்டியிருக்கேன் மேடம்.”

“போல்ட்?”

“பையில இருக்கு.”

“அப்ப மாட்டுங்க.”

மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “மேடம், நாங்க கழட்டுற ஆளுங்க. சின்ன வயசுல வாங்கிக் கொடுத்த பொம்மையைக்கூட நான் திரும்ப மாட்டினதில்ல.”

“இன்னைக்குப் பழகுங்க. பிரேக், ஸ்டீயரிங் ரெண்டையும் நீங்க யாரும் தொடக் கூடாது. எதிர்த்தெரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.”

எதிர்த்தெரு மெக்கானிக் எங்களிடம் பழைய சாமான் வாங்குகிறவர். வந்தார், பார்த்தார், சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உட்கார்ந்து சிரித்தார். “இத்தனை வருஷமா நான் மாட்டுறதை எல்லாம் ஒரு நாள் நீங்க கழட்டுவீங்க. இன்னைக்கு நீங்க கழட்டினதை நான் மாட்டணுமா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போனார். பிரேக்கில் யாரும் இன்னும் கை வைக்கவில்லை என்று அடியிலிருந்து சத்தம் வந்தபோது எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

“கடைசியா கழட்டினது எது?” என்றார்.

“ஸ்டீயரிங்.”

“அதுலேர்ந்து ஒவ்வொண்ணா பின்னால போவோம். அட்டையைப் படிங்க.”

இப்படியாக அன்றைக்கு நான் வாத்தியார் ஆனேன். கவிழ்த்த பக்கெட்மேல் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையாகச் சத்தமாகப் படித்தேன். சுற்றி நின்று கேட்டார்கள். ‘உள்பக்கத்து போல்ட் கொஞ்சம் அடம் பிடிக்கும்’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் அது உண்மையிலேயே அடம் பிடித்தது. ‘லேசாகத் தூக்கிக்கொண்டால் வழிக்கு வரும்’ என்று படித்தேன். தூக்கினார்கள், வந்தது. மேஸ்திரி திரும்பி என்னைப் பார்த்தார்.

“ரேடியேட்டருக்கு இன்னும் கொஞ்சம் விவரமா எழுதியிருக்கக் கூடாதா?” என்றார்.

“ஒரு பக்கம் எழுதியிருக்கேன்.”

“ரெண்டு பக்கம் எழுதறதுக்கென்ன, கையா வலிக்குது?”

கழற்றும்போது மின்னலாக இருந்தவன் மாட்டும்போது ஆமையாகிவிட்டான். நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்றே அவன் கைக்குத் தெரியவில்லை. நாலு சுற்று முறுக்குவான், ஐந்தாவது சுற்றில் கை பழக்கத்தில் கழற்றிவிடும். “என் கையை யாராவது பிடிங்கப்பா” என்று அலறினான். கடைசியில் மெக்கானிக் அவன் மணிக்கட்டில் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அம்பைப் பார்த்துப் பார்த்து முறுக்கினான்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஒரு சத்தம். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள், ஒரு வெள்ளை வேனை. பட்டியலில் இருந்த அசல் வேன், வழியில் டயர் வெடித்து நாலு மணி நேரம் தாமதம். மேஸ்திரி ஓடிப்போய் அதன் நம்பர் பிளேட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். ஆபீஸில் பிளேட்டை வாங்கிக்கொண்டதும் அதன் முன் பம்பரை அவரே கழற்றினார். அதை மட்டும் அரை நிமிடத்தில். தள்ளுகதவு அந்த வேனில் நசுங்கியிருந்தது. அலமாரியில் தேடினோம். அளவு சரியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். நல்ல கதவு, ஒரு கீறல் இல்லை. ஆனால் நீலம். சாதாரண நீலமில்லை, பார்த்தால் கண் விழித்துக்கொள்கிற நீலம்.

அதை மாட்டிக்கொண்டிருந்தபோது தங்கச்சி வந்துவிட்டாள். இரண்டரைக்கு வரவேண்டியவள் இரண்டு மணிக்கே வந்தாள். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் புது அடையாள அட்டை, கையில் பளபளவென்று இரண்டு பிளேட்.

வேனைத் தேடி வாசல் வரிசை முழுக்கப் பார்த்தாள். அப்புறம் எங்களைப் பார்த்தாள்.

“அண்ணா, என் வேன் எங்க?”

“இதுதாம்மா.”

“இதுல பாதிதான் இருக்கு.”

“மீதி வந்துகிட்டிருக்கு.”

பதினொரு ஆம்பிளைகளும் தரையைப் பார்த்தோம். மேஸ்திரி மட்டும் மெல்ல, “பிளேட் இல்லையேம்மா” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். சின்ன வயதில் என் தலையில் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தபோது வந்த முகம்தான் வந்தது. “ஒரு சீட்டு மாட்டச் சொன்னேன். ஒரே ஒரு சீட்டு! முழு வேனையும் கழட்டிப் போட்டிருக்கியே, இதுக்கு நான் கிழிஞ்ச சீட்டுலயே ஓட்டியிருக்க மாட்டேனா? சீட்டையாவது மாட்டினியா?”

“இனிமேதான்.”

“நல்லா இருக்கு!” பிளேட்டுகளை மேடத்தின் கையில் கொடுத்தாள். இஸ்திரிச் சட்டையின் கையை மடித்தாள். “ஸ்பேனர் எங்க?”

அதற்கப்புறம் வேலை வேறு மாதிரி ஆயிற்று. அவளுக்கு வண்டியின் உள்ளே எது எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றும் தெரிந்திருந்தது. எந்த விளக்கு வயர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் கண்ணை மூடி ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொல்வாள். குண்டுவைப் பார்த்து, “தம்பி, அந்த வயர் கிளிப்பை இவ்வளவு பயந்து பிடிக்காதே, கடிக்காது” என்றாள். ஒரு கட்டத்தில் மேஸ்திரியே அவளிடம், “அடுத்து என்னம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பின் சீட்டை நான் மாட்டினேன். அன்றைக்கு மாட்ட வேண்டியிருந்தது எனக்கு அது ஒன்றுதான். அதையும் முதலில் திருப்பிப் போட்டு மாட்டிவிட்டு மறுபடி கழற்றினேன்.

காலையில் வடித்த பெட்ரோலை, எண்ணெயை, தண்ணீரை எல்லாம் அதனதன் கேனிலிருந்து திரும்ப ஊற்றினோம். மூன்று மணி ஆகப் பத்து நிமிடம் இருந்தபோது வேன் முழுசாக நின்றது.

அப்போதுதான் மின்னல் தட்டைக் கொண்டுவந்து காட்டினான். தட்டில் ஏழு போல்ட்.

“இது எதோடது?”

கழற்றும்போது ஏழு போல்ட் மிஞ்சினால் யார் கவலைப்படுவார்கள்? மாட்டும்போது மிஞ்சினால் உள்ளே எங்கேயோ ஏழு ஓட்டை காலியாக இருக்கிறது என்று அர்த்தம். உட்காரப் போகிறவை பன்னிரண்டு குழந்தைகள். மெக்கானிக் சிரிக்கவில்லை. “இது தெரியாம வண்டி நகரக் கூடாது” என்றார். தங்கச்சி கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “நகர வேண்டாம்” என்றாள் அவளும்.

நான் அட்டைகளை எல்லாம் தரையில் பரப்பினேன். ஒவ்வொன்றாக எண்ணிக்கையைப் படித்தேன், மின்னல் ஓடிப்போய் வண்டியில் தொட்டு எண்ணினான். கதவு சரி. விளக்கு சரி. ரேடியேட்டர் சரி. சீட் சரி. எல்லாம் சரி. கடைசியாக ஓர் அட்டை என் முழங்காலுக்கு அடியில் இருந்தது. பொருள் எதிலும் கட்டாத அட்டை, பம்பர் பொடியானதும் நான் பழக்கத்தில் எழுதிவைத்து மறந்தது. ‘முன் பம்பர், விரிசல், அரவைக்குப் போய்விட்டது, பாவம். அதன் போல்ட் ஏழு தனியே இருக்கிறது.’

அசல் வேனின் பம்பர் தன் சொந்த போல்ட்களோடு வந்திருந்தது. இந்த ஏழும் அரைபட்ட பம்பருடையவை.

மேஸ்திரி அட்டையை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்த நல்ல பேனாவை எடுத்து என் பையில் சொருகிவிட்டார்.

தங்கச்சி பிளேட்டுகளை மாட்டினாள். வேறு யாரையும் விடவில்லை. கடைசித் திருகு ஏறியதும் மேஸ்திரி, “ஆங், இப்பத்தான் வண்டி” என்று பெருமூச்சு விட்டார்.

சாவியைத் திருப்பினாள். இருமியது. இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் இருமியது. மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டது. நாங்கள் போட்ட கூச்சலில் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை என்று மெக்கானிக் எல்லோரையும் அதட்டினார். பத்து நிமிடம் யார்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி பிரேக் பார்த்தார்.

“வெறும் வண்டியில நல்லா பிடிக்குது. பாரத்தோட பார்க்காம பிள்ளைங்கள ஏத்த விடமாட்டேன்.”

“பாரத்துக்கு எங்க போறது?” என்றாள் தங்கச்சி.

மேடம் எங்களைப் பார்த்தார்.

அப்படித்தான் நாங்கள் பதினொரு பேரும் மேடமும் ஏறினோம். கணக்குக்குச் சரியாகப் பன்னிரண்டு. மெக்கானிக் டிரைவர் பக்கத்தில். குழந்தைகளுக்கான சீட்டில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தோம். மணி மூன்று பத்து. போகிற வழியெல்லாம் மெக்கானிக், “பிரேக் போடு. திருப்பு. இன்னொரு தடவை” என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பிரேக்குக்கும் நாங்கள் மொத்தமாக முன்னால் போய் மொத்தமாகப் பின்னால் வந்தோம். தங்கச்சி கண்ணாடியில் பார்த்து, “கையை வெளிய நீட்டக் கூடாது, தலையை நீட்டக் கூடாது” என்று பதினைந்து வருஷப் பாட்டைப் பாடினாள். குண்டு சட்டென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

பாலம் இறங்கி மேடு ஏறியதும் மெக்கானிக் சாய்ந்து உட்கார்ந்தார். “போதும். என் பிள்ளையை இதுல அனுப்புவேன்.”

மூன்று இருபத்தேழுக்கு ஸ்கூல் கேட். தலைமையாசிரியை வெளியே நிற்கிறார். கொஞ்சம் தள்ளி, கழுவித் துடைத்த வேனில் அடுத்தவர் சாய்ந்து நிற்கிறார். தங்கச்சி வந்துவிட்டேன் என்று காட்ட ஹாரனை அழுத்தினாள்.

ஹாரன் அடிக்கவில்லை. வைப்பர் இரண்டும் எழுந்து இடமும் வலமும் ஆடின.

மறுபடி அழுத்தினாள். மறுபடி ஆடின. மெக்கானிக் திரும்பி எங்களைப் பார்த்தார். குண்டு வெளியே பார்த்தான்.

கேட்டுக்கு உள்ளே வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு வேன் தங்களுக்குக் கையாட்டுவதாகத் தோன்றியிருக்கிறது. ஒரு சின்னப் பெண் முதலில் பதிலுக்குக் கையாட்டினாள். அப்புறம் பன்னிரண்டு பேரும் இரண்டு கையையும் தூக்கி வைப்பர் மாதிரியே ஆட்டினார்கள்.

நீலக் கதவு திறந்தது. கிரீஸ் அப்பிய முகத்தோடு ஒவ்வொருவராக இறங்கினோம். மேஸ்திரி, மின்னல், குண்டு, நான், இன்னும் ஏழு பேர். கடைசியாக மூக்கு வரை ஹெல்மெட் இறங்கிய மேடம்.

தலைமையாசிரியை எங்களை ஒவ்வொருவராக எண்ணி முடித்தார். “இவங்க எந்த வகுப்பு?” என்று தங்கச்சியிடம் கேட்டார்.

“பாஸாகிட்டாங்க டீச்சர், இன்னைக்குத்தான்” என்றாள் அவள்.

அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம். அன்றைக்கு நாங்கள் பார்த்தோம். அப்புறம் ஸ்கூல் வாட்ச்மேனிடம் கேட்டைத் திறக்கச் சொன்னார். மெக்கானிக் பத்தே நிமிடத்தில், டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, மாறிப்போன இரண்டு கிளிப்பையும் சரி செய்தார். ஹாரன் அடித்த பிறகுதான் தங்கச்சி பிள்ளைகளை ஏற்றினாள். நீலக் கதவு பக்கம் யார் உட்காருவது என்று உள்ளே சண்டை. “ஆளுக்கொரு நாள்!” என்று அதட்டிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். பச்சை வெல்வெட்டில் கை வைத்தாள். என்னைத் தேடிப் பார்த்து, “அண்ணா, நாளைக்கு எதையும் மாட்டித் தர்றேன்னு சொல்லிடாதே” என்றாள். வேன் கிளம்பியது. அடுத்தவர் பெருந்தன்மையாக வழிவிட்டார்.

நாங்கள் நடந்துதான் திரும்ப வேண்டியிருந்தது. என் முதுகு அன்றைக்கு மட்டும் ஏனோ வாய் திறக்கவில்லை. பாதி வழியில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொள்ள வந்திருந்தாள்.

யார்டில் மேடம் கரும்பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். “முழு வேனும் திரும்பிப் போயிருக்கு. நூறு போடுங்க மேடம்” என்று மின்னல் கெஞ்சினான். “பம்பர்?” என்றார் மேடம். தொண்ணூற்றொன்பது என்று எழுதினார். டீயும் பன்னும் வந்தது.

ஹாரன் இப்போது ஒழுங்காக அடிக்கிறது. ஆனால் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லையாம். தினமும் மூணரைக்குக் கேட்டில் வந்து நின்றதும், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தங்கச்சி ஒரு தடவை வைப்பரைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.